நாயின் முதுகில் ஒரு பை: மலையேற்றத்துக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழக்குவது

என் நாய் மணிக்கு முதன்முதலாகப் பை வாங்கியபோது நான் செய்த முதல் வேலை அதை நிரப்பியதுதான். ஒரு பக்கம் ஒரு லிட்டர் தண்ணீர், இன்னொரு பக்கம் அதன் சாப்பாடும் என்னுடைய மழைக்கோட்டும். மறுநாளே மலைப்பாதைக்குக் கூட்டிப்போய்விட்டேன். கால் மணி நேரத்தில் பை ஒருபக்கமாகச் சரிந்து வயிற்றுக்கு அடியில் தொங்கியது. மணி பாதை நடுவே உட்கார்ந்துகொண்டது. பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்துக் கயிற்றை இழுத்தும் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாய் பொதி சுமப்பது புதிய நாகரிகம் ஒன்றும் இல்லை. குதிரை வந்து சேர்வதற்கு முன்னால், வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடிகள் நாய்களின் மேல்தான் சாமான் ஏற்றினார்கள். 1541-இல் அந்தச் சமவெளியைக் கடந்த கொரொனாடோவின் ஸ்பானியப் படை, சேணமும் வாரும் கட்டிய பொதிநாய்களைப் பார்த்திருக்கிறது. பொதி கோணிக்கொண்டால் அந்த நாய்கள் ஊளையிட்டு ஆளைக் கூப்பிடுமாம், வந்து சரிசெய்துவிட்டுப் போகச் சொல்லி. நம் வீட்டு நாய்களில் பெரும்பாலானவை அப்படிக் கூப்பிடுவதில்லை. வார் அக்குளை அறுத்தாலும் நம்மோடு நடக்கிற சந்தோஷத்தில் பேசாமல் வந்துவிடும். அதனால் ஊளையிட வேண்டிய இடங்களை நாமாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

படி 1: இந்த நாய் சுமக்கலாமா?

குட்டிக்குச் சுமை கூடாது. வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி உண்டு. அது கெட்டியாகி மூடும் முன்பு அழுத்தம் விழுந்தால் மூட்டு பாதிக்கப்படும், கால் கோணலாக வளரவும் கூடும். சிறிய, நடுத்தர இனங்களுக்கு ஏறத்தாழ ஒரு வயதில் மூடிவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் அளவு நாய்களுக்கு ஒன்றரை வயதுவரை பொறுங்கள். கிரேட் டேன் போன்ற பெரிய உருவங்களுக்கு இரண்டு வயதுவரைகூடப் பொறுக்கலாம். அதுவரை வெறும் பையை மாட்டிப் பழக்குவதில் தவறில்லை.

டாக்ஸண்ட், கார்கி, பாசெட் ஹவுண்ட் மாதிரி நீண்ட முதுகும் குட்டைக் காலும் உள்ள இனங்களுக்கு முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கும் நோய் எளிதில் வரும். அவற்றுக்குப் பை வேண்டாம், அவ்வளவுதான். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெறுமனே மலை ஏறுவதே மூச்சு முட்டும் வேலை. இடுப்பு மூட்டுக் கோளாறு, மூட்டுவாதம், இதயநோய் இருந்தாலும், நாய்க்கு வயதாகிவிட்டாலும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

இதில் எல்லாம் தேறிவிட்டதா? இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் தூரத்தை எந்தச் சுமையும் இல்லாமல் நடந்து முடித்த பிறகு, சாயங்காலம் உங்கள் நாய் பந்தைப் பார்த்தால் எழுந்து வருகிறதா? வராவிட்டால் அது இன்னும் பைக்குத் தயாராகவில்லை.

படி 2: எடைக் கணக்கு

நாயின் உடல் எடையில் பத்து சதவீதம். பையின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். நன்றாகப் பழகிய, கட்டுமஸ்தான நாய்கள் 25 சதவீதம்வரை சுமக்கும் என்று சொல்வார்கள். அது மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற வேலைநாய்களுக்கான உச்சவரம்பு. வார இறுதியில் மட்டும் மலைக்கு வரும் வீட்டு நாய்க்கு நான் பத்தைத் தாண்ட மாட்டேன்.

நாயை எடைபோடுவது சுலபம். அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. தேவைக்கு மேல் குண்டாக இருக்கிற நாய்க்கு, இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். கூடுதல் கொழுப்பே அதற்கு ஒரு பொதிதானே.

20 கிலோ நாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் என்றால் 2 கிலோ. பை 600 கிராம் போனால் மீதி 1.4 கிலோ. பக்கத்துக்கு அரை லிட்டராகத் தண்ணீர் வைத்தால் ஒரு கிலோ ஆயிற்று. ஒரு நாளைக்கான உலர் தீவனம் சுமார் 300 கிராம். மீதி நூறு கிராமுக்கு மடக்குக் கிண்ணமும் கழிவுப் பைகளும். முடிந்தது!

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. சும்மா வீட்டில் இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். மலை ஏறும்போது இன்னும் கூடும். ஆக, தனக்கு ஒரு முழுநாள் வேண்டிய தண்ணீரையே அந்த நாயால் சுமக்க முடியாது. மீதி உங்கள் முதுகில்தான். உங்கள் சுமை குறையும் என்று நினைத்து நாய்ப் பை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏழெட்டுக் கிலோ நாய்க்கு இது இன்னும் மோசம். அனுமதிக்கப்பட்ட எடையில் பாதியைப் பையே தின்றுவிடும். அந்த அளவு நாயை விட்டுவிடுங்கள், அதன் சாமானை நீங்களே தூக்குங்கள்.

படி 3: சுமை எங்கே உட்கார வேண்டும்

கடைக்குப் போகும் முன் உங்கள் நாயை நிற்கவைத்துத் தடவிப் பாருங்கள். மாட்டுக்குத் திமில் இருக்கும் இடத்தில் நாய்க்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதன் இரு பக்கமும் தோள்பட்டை எலும்புகள். நமக்குத் தோளை மார்போடு பிணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. நாய்க்கு அப்படி வேலை செய்கிற காறை எலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடம்போடு ஒட்டியிருப்பது தசையால் மட்டுமே. கையைத் தோள்பட்டை மேல் வைத்துக்கொண்டு நாயை நடக்கவிட்டால் அந்த எலும்பு முன்னும் பின்னும் வழுக்கிப் போவது தெரியும். பையின் விறைப்பான பாகமோ வாரோ அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே வந்தால் நாய் எட்டுகளைச் சுருக்கிக்கொள்ளும். நாள் முழுக்கச் சுருக்கி நடந்தால் முன்னங்கால் தசைகள் பிடித்துக்கொள்ளும்.

அப்படியே கையைப் பின்னால் நகர்த்துங்கள். நாய்க்குப் பதின்மூன்று ஜோடி விலா எலும்புகள். கடைசி விலா முடிந்ததும் விரல் பொசுக்கென்று மெத்தென்ற இடத்தில் இறங்கும். அந்த இடுப்புப் பகுதிக்குக் கீழிருந்து தாங்க எலும்புக்கூடு எதுவும் இல்லை, முதுகெலும்பு மட்டும் பாலம் மாதிரி போகிறது. பாலத்தின் நடுவில் எடையைத் தொங்கவிடக் கூடாது. ஆகவே, பையின் எடை திமில் மேட்டுக்குச் சற்றுப் பின்னால், விலாக்கூட்டின் முன்பாதியில் உட்கார வேண்டும். பையின் பின்விளிம்பு கடைசி விலாவைத் தாண்டவே கூடாது. நாய் நிற்கும்போது ஏற்கெனவே உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பொதியும் அங்கேயே போய்ச் சேர்கிறது. எடை வரம்பு இவ்வளவு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 4: பையைத் தேர்ந்தெடுப்பது

தையல் டேப்பை எடுத்து, முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சு எங்கே அதிக அகலமோ அங்கே சுற்றளவு எடுங்கள். அப்புறம் திமில் மேட்டிலிருந்து கடைசி விலா வரை முதுகின் நீளம். கடைகளில் நாயின் எடையையோ இனத்தையோ கேட்டு அளவு சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரே எடையில் ஒல்லி நெஞ்சு நாயும் உண்டு, பீப்பாய் நெஞ்சு நாயும் உண்டு. இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், வார்கள் எட்டும் பட்சத்தில் சின்னதையே எடுங்கள். பெரிய பை இடுப்புவரை நீளும், அதோடு நிறைய அடைக்கச் சொல்லி ஆசை காட்டும்.

வார்களைப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். முன்வார் மார்பெலும்பின் மேல் படிய வேண்டும். தொண்டைக்கு ஏறினால் மூச்சை அடைக்கும். வயிற்றைச் சுற்றும் முதல் வார் அக்குளிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளிப் பின்னால் இருக்க வேண்டும். முழங்கை ஒவ்வொரு எட்டுக்கும் அதில் உரசினால் ஒரே நாளில் தோல் கிழிந்துவிடும். இரண்டாவது வார் விலாக்கள் மேல்தான் போக வேண்டும், மெத்தென்ற வயிற்றின் மேல் அல்ல. ஒவ்வொரு வாருக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கினால் சரி.

பைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, உயரத்தில் நிற்க வேண்டும். வயிற்றுக் கோட்டுக்குக் கீழே தொங்கும் பை ஒவ்வொரு எட்டுக்கும் ஊஞ்சலாடும். உள்பக்கம் காற்றோடும் வலைத்துணியும், வார்களுக்குப் பஞ்சு உறையும் இருக்கட்டும். மேலே கைப்பிடி இருந்தால் பாறையில் ஏற்றிவிட உதவும். ஆனால் அது கைகொடுக்க மட்டுமே. நாயின் முழு எடையையும் கைப்பிடியில் தூக்கினால் வயிற்று வார் அறுக்கும், அதனால் இன்னொரு கையை அடிவயிற்றுக்குக் கொடுங்கள். கயிறு மாட்டும் வளையம் உறுதியாகத் தைக்கப்படாத பையில் கயிற்றை மாட்டாதீர்கள். நாய் இழுத்தால் பை முழுதும் திரும்பிக்கொள்ளும்.

எனக்குக் கட்டாயம் வேண்டிய ஒரு வசதி, பைகளை மட்டும் கழற்றிவிட்டு மார்புப் பட்டையை நாய் மேலேயே விட்டுவைக்க முடிவது. ஓடை வந்தாலும் ஓய்வு என்றாலும் ஒரு நிமிஷ வேலை. நிறம் பளிச்சென்று இருக்கட்டும், புதருக்குள் ஓடினால் கண்ணுக்குத் தெரியும். நீர்ப்புகாத் துணி என்று எழுதியிருப்பதைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஓடையில் படுத்துப் புரள்கிற பிராணிக்கு எந்தத் துணியும் ஈடுகொடுக்காது.

படி 5: வீட்டில் பழக்குவது

நான் தாவிய படி இதுதான். ஐந்தாறு வாரங்கள் ஒதுக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் பையைத் தரையில் போட்டுவையுங்கள். மோந்து பார்க்கட்டும். பக்கத்தில் வந்தால் ஒரு தின்பண்டம். பக்கிள் மாட்டும் ‘டக்’ சத்தத்துக்கே சில நாய்கள் துள்ளும், அதனால் கையில் வைத்தே அந்தச் சத்தத்தைப் பழக்குங்கள். பிறகு வெறும் பையை மாட்டி ஐந்து நிமிடம், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம், தெருவில் ஒரு சுற்று. முதல் முறை மாட்டியதும் நாய் சிலையாக உறைந்து நிற்கலாம், நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கலாம். சிரித்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

வெறும் பைக்குப் பழகியதும், செய்தித்தாளைக் கசக்கி இரு பக்கமும் நிரப்புங்கள். எடை கூடாது, அகலம் மட்டும் கூடும். தன் உடம்பு இப்போது இவ்வளவு அகலம் என்று நாய்க்குத் தெரியாது. கதவு நிலையில் மோதும், உங்கள் முட்டிக்காலில் இடிக்கும், இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் சமதளத்தில் கற்றுக்கொள்வதுதான் நல்லது. ஓரத்தில் பள்ளம் இருக்கும் பாதையில் பை பாறையில் இடித்தால் அது நாயை வெளிப்பக்கம் தள்ளிவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து எடை. ஐந்து சதவீதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு சதவீதமாக ஏற்றுங்கள். அரிசியோ மணலோ போட்ட சின்னப் பொட்டலங்கள் இதற்கு வசதி. ஒவ்வொரு தடவையும் பையைக் கழற்றியதும் அக்குள், மார்பெலும்பு, முழங்கைக்குப் பின்புறம் இந்த மூன்று இடங்களிலும் முடியை விலக்கிப் பாருங்கள். முடி கலைந்து ஒடிந்திருந்தால் அடுத்தது தோல் சிவப்பதுதான்.

அப்புறம் நாயின் பின்னால் நடந்து பாருங்கள். பை இடம் வலமாக ஆடக் கூடாது, முதுகின் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் ஓடவிட்டும் பாருங்கள். நடக்கும்போது தெரியாத கோணல் ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

படி 6: எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடைபோட்டே நிரப்புங்கள், கண்மதிப்பு போதாது. கனமானது முன்பக்கம், உடம்பை ஒட்டி. விலாவில் படும் பக்கத்தில் துண்டு மாதிரி மெத்தென்றது எதையாவது வையுங்கள். தண்ணீருக்குக் கெட்டி பாட்டிலைவிட மடங்கும் பைகள் நல்லது. தண்ணீர் குறையக் குறைய அவை சுருங்கிக்கொள்ளும், உள்ளே குலுங்காது. இரு பக்கத் தண்ணீரையும் மாற்றி மாற்றி எடுங்கள், இல்லாவிட்டால் முதல் தாகத்திலேயே பை சாய்ந்துவிடும். மணியின் பை சரிந்ததற்குக் காரணம் இதே கதைதான், ஒரு பக்கம் மட்டும் தண்ணீர்.

தீவனம், கிண்ணம், உண்ணி எடுக்கும் இடுக்கி, பாதத்துக்குக் காலுறை, கட்டுத்துணி எல்லாம் வைக்கலாம். எல்லாவற்றையும் முதலில் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொள்ளுங்கள். கழிவுப் பைகளையும் நாயின் வெளிப் பாக்கெட்டிலேயே போடலாம். திரும்பி வரும்போது அதன் எடையும் கணக்கில் சேரும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் சாவி, போன், மருந்து எதுவும் நாய் மேல் வேண்டாம். ஒரு முயலைப் பார்த்து அது பாய்ந்துவிட்டால் சாவியும் முயலோடு போய்விடும். உங்கள் நொறுக்குத்தீனியும் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம். ஜிப்பைப் பல்லால் திறக்கும் கெட்டிக்கார நாய்கள் இருக்கின்றன.

படி 7: பாதையில்

கிளம்பும் முன் அந்தப் பாதையில் நாய்க்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வயிறு நிறையச் சாப்பாடு போட்டவுடன் கிளம்பாதீர்கள். ஆழ்ந்த நெஞ்சுள்ள இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும்.

இருபது நிமிடம் நடந்ததும் நின்று வார்களைத் தொட்டுப் பாருங்கள். முடி அமுங்கி, நாயும் தளர்ந்து, வார் கட்டாயம் நெகிழ்ந்திருக்கும். அதன்பின் முக்கால் மணிக்கு ஒருமுறை பையைக் கழற்றிப் பத்து நிமிடம் ஓய்வு. பையோடு படுக்கவிடுவது ஓய்வு ஆகாது.

இறக்கம்தான் கடினம். ஏற்றத்தில் பின்னங்கால்கள் தள்ளும். இறக்கத்தில் உடம்பும் பொதியும் சேர்ந்து முன்னங்கால்களில் விழும், பையும் கழுத்துப்பக்கம் வழுக்கும். செங்குத்தான இறக்கம் என்றால் பையிலுள்ள தண்ணீரையாவது எடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஓடை, ஆறு வந்தால் பையைக் கழற்றியே தீர வேண்டும். நீச்சல் தெரிந்த நாயையும் நனைந்த பை கீழே இழுக்கும், நீருக்கடியில் இருக்கும் கிளையிலும் மாட்டும். கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய பாறைகளிலும் அப்படியே.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான், அதுவும் பெரிய உபயோகம் இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதன் மேல் நாம் ஒரு பையைப் போர்த்தி வேலையும் வாங்குகிறோம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டருக்கு முன்னால் அறிகுறிகள் பேசும். நாக்கு நுனியில் கரண்டி போல அகன்று தொங்கும், ஈறு செக்கச்செவேல் என்று ஆகும், நிழல் கண்ட இடமெல்லாம் ஒதுங்கும், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையைக் கழற்றி, நிழலில் விட்டு, தண்ணீர் கொடுங்கள். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைக்க முடியாத வெயிலில் நாயைக் கூட்டிப்போகவே கூடாது, பை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

களைப்பு வேறு மாதிரி வரும். முன்னால் ஓடிக்கொண்டிருந்தது உங்கள் குதிகால் பின்னால் வந்துவிடும். நின்றால் உடனே உட்காரும். எட்டு வைக்கும்போது தலை மேலும் கீழும் ஆடினால் முன்னங்கால் ஒன்றில் வலி என்று அர்த்தம். அப்போது பை உங்கள் தோளுக்கு வர வேண்டும். அதற்கு ஒரு சிறு கயிற்றை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், நாய்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மலை இறங்குவது பெரும் தொல்லை.

படி 8: திரும்பி வந்ததும்

பையைக் கழற்றியதும் உடம்பு முழுக்க எதிர்முடியாகத் தடவி உண்ணி, முள், சிராய்ப்பு தேடுங்கள். வாரின் மடிப்புகளில் உண்ணி ஒளிந்திருக்கும். விரலிடுக்குகளையும் விட்டுவிடாதீர்கள். பைக்கு அடியில் முடி ஈரமாக இருந்தால் நன்றாகத் துவட்டிக் காயவிடுங்கள், ஈரத்தில் புழுங்கிய தோலில் புண் வரும். பையையும் சாதாரணத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாரில் காய்ந்த சேறு அடுத்த தடவை உப்புத்தாள் மாதிரி உரசும்.

மறுநாள் காலையில் நாய் படுக்கையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். வழக்கம்போல உடம்பை முறித்துக்கொண்டு வந்தால், அடுத்த முறையும் அதே எடை. முதல் நாலைந்து எட்டு விறைப்பாக வைத்தால் அடுத்த முறை பாதி. எழவே யோசித்தால் பையை இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கும் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.